கறுப்புக் கொலம்பைன்: இங்கிலாந்துத் தோட்டத்தில் விதை முதல் பூ வரை

மூன்று வசந்தங்களைத் தொலைத்த பிறகுதான் என் வீட்டில் முதல் கறுப்புக் கொலம்பைன் பூத்தது. செடியின் மேல் பழி போட வழியில்லை. மே மாதம் பூத்து, குளிர்காலத்தில் மண்ணோடு மறைந்து, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும் சாதுவான பூச்செடி அது. முதல் வருடம் விதையை ஒரு விரல்கணு ஆழத்தில் புதைத்துவிட்டு, முளைக்கவில்லை என்று விற்றவரைத் திட்டினேன். இரண்டாம் வருடம் நாற்று வந்தது, ஆனால் பூக்கவில்லை. நவம்பரில் இலை கருகியதும் செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டேன். மூன்றாம் வருடம் பக்கத்துத் தெருவில் ஒருவர் கொடுத்த விதையை ஒழுங்காக வளர்த்தேன். அடுத்த மே மாதம் பூத்தது. பூ ரோஸ் நிறம்.

நான் இருப்பது லண்டனின் வடமேற்கு ஓரம். வழவழவென்ற களிமண், வேலிக்குள் அடங்கும் சிறு தோட்டம். கீழே சொல்வதெல்லாம் இந்தத் தட்பவெப்பத்துக்கு. இங்கே புதிதாக வீடு எடுத்து, பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்து, "இதில் என்ன வைப்பது?" என்று நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கடையில் கேட்கும் முன் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கொலம்பைன் என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் லேபிளில் பெரும்பாலும் 'அக்விலீஜியா' என்றுதான் இருக்கும். வயதானவர்கள் 'கிரானிஸ் பானட்' என்பார்கள். மூன்றும் ஒன்றே.

1. வாங்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

இந்தச் செடி உங்கள் அவசரத்துக்கு வராது. விதை போட்ட வருடம் பூக்காது. வளர்ந்த செடி ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் அதற்குள் பூ மொட்டு உருவாகும். ஆக இந்த ஜூலையில் விதைத்தால் அடுத்த மே மாதம் ஒன்றிரண்டு செடி பூக்கலாம். நாற்று சிறியதாக நின்றுவிட்டால் அதற்கும் அடுத்த மே. மார்ச்சில் விதைத்தாலும் அடுத்த மே தான். இரண்டாம் வருடம் நான் பிடுங்கிப் போட்டவை அத்தனையும் உயிரோடு இருந்த செடிகள்.

விதைக்க இரண்டு காலம் உண்டு. புது விதை கிடைத்தால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. பாக்கெட் விதை என்றால் ஜனவரியில் ஃபிரிட்ஜில் வைத்து பிப்ரவரி கடைசியில் விதைப்பது. நாற்றைத் தரையில் நட செப்டம்பர், அல்லது ஏப்ரல். பூ பார்க்க மே இரண்டாம் வாரம் முதல் ஜூன் பாதி வரை. ஊருக்குப் போக டிக்கெட் போடும்போது இதை ஞாபகத்தில் வையுங்கள். ஒரு வருடம் நான் மே மாதம் முழுக்க மதுரையில் இருந்தேன். திரும்பி வந்தபோது காய்கள்தான் வரவேற்றன.

2. எந்தக் கறுப்பு என்று முடிவு செய்யுங்கள்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உண்மையான கறுப்பு எதுவும் கிடையாது. நனைந்த நாவல்பழத்தின் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அந்த நிறம்தான். விளம்பரப் படங்களில் தார் போல இருக்கும், அதை நம்பி ஏமாற வேண்டாம்.

'பிளாக் பார்லோ' அதிகம் கிடைப்பது. அடுக்கிதழ், பின்பக்கம் கொக்கி போன்ற வால் கிடையாது, சின்ன நூல்குஞ்சப் பந்து மாதிரி இருக்கும். முக்கால் மீட்டருக்குக் குறையாமல் உயரும். முதல் செடி வாங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

'வில்லியம் கினஸ்' கரும் ஊதா இதழும் நடுவில் வெள்ளை விளிம்பும் கொண்டது. சில கடைகளில் 'மேக்பை' என்ற பெயரில் இருக்கும், இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்காதீர்கள். வால் உள்ள பழைய வடிவம் இது. என் வீட்டில் எனக்குப் பிடித்ததும் இதுதான், காரணம் தேனீக்கள். மே மாத மாலையில் இந்தச் செடியின் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். நீண்ட நாக்குள்ள பம்பிள் தேனீ பூவுக்குக் கீழே தொங்கிக்கொண்டு, தலையை உள்ளே விட்டு முறையாகத் தேன் குடிக்கும். குட்டை நாக்குக்காரர்களுக்கு அது எட்டாது. அவை பூவின் மேலே ஏறி, வாலின் நுனியில் பல்லால் ஒரு ஓட்டை போட்டு, பின்வாசல் வழியாகத் திருடும். வாடிய பூவை எடுத்து வாலைப் பார்த்தால் குண்டூசி குத்தியது போல அந்த ஓட்டை தெரியும்.

'அட்ராட்டா' தோட்டத்தில் உருவாக்கிய ரகம் இல்லை, ஆல்ப்ஸ் மலையின் காட்டுச் செடி. பூ சிறியது, கரும் ஊதா, அதிலிருந்து மஞ்சள் மகரந்தம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு கலந்த மண் இதற்குப் பிடிக்கும். லண்டன் குழாய்த் தண்ணீரின் உப்பைப் பார்த்து இது பயப்படாது.

'சாக்லேட் சோல்ஜர்' ஒரு முழம்கூட உயராது. பச்சையும் சாக்லேட் பழுப்பும் கலந்த பூ, மணமும் உண்டு. ஆனால் களிமண்ணில் இதை வைத்தால் குளிர்கால ஈரத்தில் அழுகிவிடும். நான் இரண்டை இழந்தேன். தொட்டியில் மட்டும் வையுங்கள்.

'ரூபி போர்ட்' கறுப்பில்லை, கரும் சிவப்பு. சிலர் கறுப்பு என்று விற்கிறார்கள்.

3. எங்கே வாங்குவது, எந்தக் காகிதத்தைப் பார்ப்பது

கார்டன் சென்டரில் மே மாதம் பூத்திருக்கும் செடியாகப் பார்த்து வாங்குவதுதான் ஆபத்தில்லாத வழி. நிறத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். இந்தச் செடிகளில் பல விதையிலிருந்து வளர்த்தவை. லேபிளில் ஒன்று இருக்கும், பூ வேறாக வரும். மார்ச்சில் இலையை மட்டும் பார்த்து வாங்கினால் லேபிளை நம்புவதைத் தவிர வழியில்லை.

பிப்ரவரி, மார்ச்சில் சூப்பர்மார்க்கெட்டுகளில் வெறும் வேராக, பிளாஸ்டிக் பையில் மரத்தூளோடு தொங்கும். மலிவு. வாங்கும் முன் பைக்கு வெளியே இருந்தே அழுத்திப் பாருங்கள். கேரட் போலக் கெட்டியாக இருந்தால் எடுங்கள். கொழகொழ என்றாலோ, சுக்கு போலச் சத்தம் போட்டாலோ வைத்துவிடுங்கள்.

ஆன்லைனில் செடி வாங்கினால் அதனுடன் 'பிளான்ட் பாஸ்போர்ட்' என்ற சிறு லேபிள் வர வேண்டும். நேரில் போய்க் கடையில் வாங்கும்போது இது கட்டாயமில்லை. தபாலில் வரும் செடிக்குக் கட்டாயம். லேபிளில் ஏ, பி, சி, டி என்று நான்கு வரி இருக்கும். முதலாவது தாவரத்தின் பெயர், இரண்டாவது விற்பவரின் பதிவு எண், மூன்றாவது எந்தத் தொகுதியில் வந்தது என்ற குறியீடு, நான்காவது எந்த நாடு. இந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். செடியில் நோய் வந்தால் விற்றவரிடம் பேச உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் இதுவும் ரசீதும்தான். பல்லாண்டுச் செடிகளுக்குச் சில கடைகள் உத்தரவாதமும் தருகின்றன. அதற்கும் ரசீது வேண்டும்.

வெளிநாட்டு விதைதான் பெரிய பொறி. இணையச் சந்தைகளில் "மிக அபூர்வக் கறுப்பு" என்று ஒரு பவுண்டுக்கு விதை கிடைக்கும். அனுப்புபவர் வேறு கண்டத்தில் இருப்பார். நடுவதற்கான விதையை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுவர, அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதைத் தமிழில் சொன்னால் "இந்த விதையில் பூச்சி, நோய் இல்லை" என்று அரசு அதிகாரி கையெழுத்துப் போட்ட காகிதம். எனக்கு வந்த உறையில் அப்படி ஒன்றும் இல்லை. மேலே "நகைப் பொருள்" என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது கொலம்பைன் விதையே இல்லை. விற்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைக் காசு கட்டும் முன் பாருங்கள். பிரெக்சிட்டுக்குப் பின், 2021 முதல், ஐரோப்பாவிலிருந்து செடி வருவதற்கும் சான்றிதழ் தேவைப்படுகிறது. உள்நாட்டிலேயே எல்லா ரகமும் கிடைக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு?

இதைப் படித்துவிட்டு யாராவது கேட்பார்கள்: ஊருக்கு விதை கொண்டுபோகலாமா? பெட்டியில் போட்டுக் கொண்டுபோகக் கூடாது. இந்தியாவுக்குள் விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும் சான்றிதழும் வேண்டும். அதெல்லாம் கிடைத்தாலும் சென்னையிலோ திருச்சியிலோ இந்தச் செடிக்குக் குளிர்காலம் எங்கே கிடைக்கும்?

4. செலவுக் கணக்கு

நான் கொடுத்த விலைகள் இவை. கடைக்குக் கடை மாறும். விதைப் பாக்கெட் 3 பவுண்டு. பீட் எனப்படும் சதுப்புநில மட்கு இல்லாத விதைக் கம்போஸ்ட் 5 பவுண்டு. கிரிட் எனப்படும் பொடிக்கல் 20 கிலோ மூட்டை 7 பவுண்டு. வெர்மிகுலைட் என்ற, ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள் 5 பவுண்டு. ஆக 20 பவுண்டு. தொட்டிக்குத் தயிர் டப்பாவில் ஓட்டை போட்டுக்கொள்ளலாம்.

9 செ.மீ. தொட்டியில் வளர்ந்த செடி ஒன்று 7 பவுண்டு. மூன்று வாங்கினால் 21. அதனால் மூன்று செடி போதும் என்பவர்கள் விதை பக்கமே போகாதீர்கள், காசும் மிச்சமில்லை, ஒரு வருடமும் போகும். பத்து செடிக்கு மேல் வேண்டும், அல்லது வேலியோரம் முழுக்க வேண்டும் என்றால் மட்டும் விதை லாபம். இரண்டு லிட்டர் தொட்டியில் பூத்த பெரிய செடிக்கு 12, 14 பவுண்டு கேட்பார்கள். நான் அதை வாங்குவதில்லை. சிறிய செடிதான் புது மண்ணில் சீக்கிரம் வேர் பிடிக்கிறது.

5. வாடகை வீடா?

ஒப்பந்தத்தில் தோட்டம் பற்றிய வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் "இருந்தபடியே பராமரிக்க வேண்டும்" என்ற பொருளில் ஒன்று இருக்கும். புல்தரையை வெட்டிப் பாத்தி போடுவதானால் ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். குடிவந்த அன்றே தோட்டத்தைப் படம் எடுத்து வைத்தால் முன்பணம் திரும்ப வாங்கும்போது கைகொடுக்கும்.

இரண்டு வருடத்துக்குள் வீடு மாறுவீர்கள் என்றால் தரையில் நடாதீர்கள். கொலம்பைனுக்கு முள்ளங்கி போல நேரே இறங்கும் ஆணிவேர். வளர்ந்த செடியைத் தோண்டி எடுத்தால் வேர் முறியும், செடி அடுத்த வருடம் முழுக்க முகம் சுளித்துக்கொண்டே நிற்கும் அல்லது போய்விடும். ஆழமான தொட்டியில் வையுங்கள், 30 செ.மீ. ஆழமாவது வேண்டும். அகலம் முக்கியமில்லை.

6. ஃபிரிட்ஜ் வேலை, அதில் ஒரு எச்சரிக்கை

பழைய விதை உறங்கிவிடும். குளிர்காலம் வந்துபோனது என்று அதை நம்பவைக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி வெர்மிகுலைட்டை நனைத்துப் பிழிந்து, அதில் விதையைக் கலந்து, ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கு வாரம் வையுங்கள். ஃபிரீசரில் இல்லை. மூன்றாம் வாரத்திலிருந்து எடுத்துப் பாருங்கள், வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் அன்றே விதைத்துவிட வேண்டும்.

ஃபிரிட்ஜில் இடமில்லையா? அக்டோபரில் தொட்டியில் தூவி, மேலே கம்பிவலை போட்டு, வெளியே வைத்துவிடுங்கள். பனியும் மழையும் அந்த வேலையைச் செய்துவிடும். எனக்கு இப்போது இந்த வழிதான் பிடிக்கிறது.

இனி எச்சரிக்கை. கொலம்பைன் விதை கறுப்பு, பளபளப்பு, எள்ளைவிடச் சிறியது. பார்த்தால் கருஞ்சீரகம் என்றுதான் தோன்றும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் வேறு. ஆனால் கொலம்பைனின் விதையும் வேரும் நஞ்சு. முதல் முறை சொந்தச் செடியில் விதை எடுத்தபோது அதைக் காயவைத்து, பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, ஆங்கிலத்தில் பெயர் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருந்தேன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு காலையில் சமையலறைக்குள் நுழைகிறேன், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது, அம்மா கையில் அந்தப் பாட்டில், மூடி திறந்திருக்கிறது. "கருஞ்சீரகம் இவ்வளவு வச்சிருக்கே, போட்டா சளிக்கு நல்லதுடா" என்றார். பாட்டிலைப் பிடுங்கிய வேகத்தில் பாதி விதை தரையில் கொட்டியது.

அன்றிலிருந்து விதை உறையில் தமிழில், கொட்டை எழுத்தில், "சாப்பிடக் கூடாது, செடி விதை" என்று எழுதுகிறேன். கண்ணாடிப் பாட்டிலில் வைப்பதில்லை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஃபிரிட்ஜ் முறையை விட்டுவிட்டு அக்டோபர் முறைக்குப் போங்கள். விதையைத் தொட்ட பிறகு கை கழுவுங்கள். செடியை வெட்டும்போது கையுறை போடுங்கள், சாறு சிலருக்குத் தோலில் அரிக்கும்.

7. விதைப்பு

மூன்று பங்கு விதைக் கம்போஸ்ட், ஒரு பங்கு கிரிட். தொட்டியை நிரப்பி லேசாக அழுத்தி, தண்ணீர் உள்ள தட்டில் வைத்து அடியிலிருந்து நனையவிடுங்கள். பிறகு விதையை மேலே தூவுங்கள். புதைக்காதீர்கள். இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே வெர்மிகுலைட்டைக் கோலமாவு தூவுவது போல மெல்லத் தூவினால் போதும், விதை ஆங்காங்கே கண்ணுக்குத் தெரியலாம், தெரியட்டும். என் முதல் வருடத் தோல்வி இந்த ஒரு வரியில் இருக்கிறது.

15 முதல் 20 டிகிரி சூடு உள்ள ஜன்னலோரம் போதும். ரேடியேட்டர் மேல் வைக்காதீர்கள். சில விதை மூன்று வாரத்தில் வரும், சில மூன்று மாதம் எடுக்கும், ஒரே பாக்கெட்டில்கூட இப்படி நடக்கும். முளைக்காத தொட்டியைக் கொட்டாமல் வெளியே ஒரு மூலையில் வையுங்கள். ஒரு முறை அடுத்த மார்ச்சில் எனக்குப் பதினோரு நாற்று அப்படி வந்தது.

முதலில் இரண்டு சாதாரண இலை வரும். அடுத்து வரும் இலைதான் கொலம்பைன் இலை, மூன்றாகப் பிளந்து, ஓரம் வளைந்து, அச்சு அசல் கொத்தமல்லி. ஜன்னலோரம் கொத்தமல்லித் தொட்டிக்குப் பக்கத்தில் இதை வைக்க வேண்டாம், காரணம் மேலே சொன்ன கதையே. இப்படி இரண்டு இலை வந்ததும் இலையைப் பிடித்துத் தூக்கி, தண்டைத் தொடாமல், தனித்தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். தொட்டியின் அடியில் வெள்ளை வேர் தெரிந்தால் தரைக்குத் தயார். வெளியே வைக்கும் முதல் வாரம் நத்தைகளுக்குத் தகவல் போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

8. நடும் இடம்

கொலம்பைன் புத்தகங்கள் "அரை நிழல்" என்று சொல்லும். சரிதான். காலை வெயில் அல்லது மாலை வெயில் நான்கைந்து மணி நேரம் போதும். ஆனால் கறுப்புப் பூவுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என் வேலி கரும்பழுப்பு. அதன் முன்னால் ஐந்து செடி வைத்தேன். பூத்த முதல் வாரம் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வெறும் பச்சைத் தண்டுதான் தெரிந்தது, பூ வேலியோடு வேலியாகக் கரைந்துவிட்டது. விருந்தாளிகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டியிருந்தது. அடர்ந்த நிழலிலும் இதே கதி. கறுப்புப் பூ தெரிய வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் வெளிச்சமோ வெளிர்நிறமோ இருக்க வேண்டும். இப்போது நான் செடிகளைக் கிழக்குப் பக்கம் வைத்திருக்கிறேன். வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் காலைச் சூரியன் பூவுக்குப் பின்னாலிருந்து வரும். ஏழு மணிக்கு இதழின் ஓரம் மட்டும் ஒயின் நிறத்தில் எரியும். பத்து மணிக்குப் பழையபடி கறுப்பு.

துணைக்கு வெளிர்நிறம் எதையாவது வையுங்கள். லேடீஸ் மேண்டில் என்ற எலுமிச்சைப் பச்சைச் செடி மலிவு, சாகவே சாகாது. வெள்ளை ஹனஸ்டியும் மே மாதம்தான் பூக்கும். வெள்ளை ஃபாக்ஸ்க்ளவ் மிக அழகு, ஆனால் அதுவும் நஞ்சு. பொடிசுகள் உள்ள வீட்டில் யோசியுங்கள்.

களிமண்ணுக்கு: ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டி, இரண்டு கை கிரிட், ஒரு வாளி கம்போஸ்ட் கலந்து கொத்துங்கள். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைக்க வேண்டாம். தொட்டியில் இருந்த அதே மட்டத்தில் நட வேண்டும், செடியின் கழுத்தை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். செடிக்குச் செடி 35 முதல் 45 செ.மீ. முதல் கோடை முழுக்க வாரம் இரண்டு முறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். உரம் தனியாக வேண்டாம். நான் போட்ட வருடம் இலைதான் கீரை போல வளர்ந்தது.

9. முதல் குளிர்காலம்

ஒன்றும் செய்ய வேண்டாம். மூடவும் வேண்டாம், உள்ளே தூக்கவும் வேண்டாம். சாதாரணக் கொலம்பைன் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழேயும் தாங்கும் என்றுதான் இங்குள்ள தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி வகைப்படுத்தியிருக்கிறது, லண்டன் குளிர் அதற்குப் பொருட்டே இல்லை. இலை காய்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். நட்ட இடத்தில் ஒரு குச்சி குத்தி வையுங்கள். பிப்ரவரி கடைசியில் ஊதா கலந்த சின்னச் சுருள்கள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும்.

10. பூச்சி, நோய்

ஏப்ரல் கடைசியில் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். சாஃப்ளை என்ற பூச்சியின் பச்சைப் புழு இலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நிறமும் இலை நிறமே. கவனிக்காமல் நான்கு நாள் விட்டால் நரம்பு மட்டும் மிஞ்சும். கையால் எடுத்துப் போடுங்கள். செடி சாகாது, அடுத்த இலை வரும்.

இலையில் யாரோ வெள்ளை மையால் கோலம் கிறுக்கியது போலக் கோடுகள் வந்தால் அது இலைச்சுரங்கப் புழு. அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். அந்த இலையைக் கிள்ளிவிடுங்கள். ஜூலை வாக்கில் இலையின் மேல்பக்கம் மாவு தூவியது போல வெள்ளையாவதும் பெரிய விஷயமில்லை. வறட்சியில் வருவது.

பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. டௌனி மில்டியூ என்ற அடிச்சாம்பல் நோய். கொலம்பைனைத் தாக்கும் இந்த நோய் பிரிட்டனில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 2013இல். அதற்குப் பிறகு பல பெரிய சேகரிப்புகளையே அழித்துவிட்டது. மாவு நோயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இது வசந்தத்தில், ஈரமான நாட்களில் வரும். இலையின் மேலே நரம்புக்கு நரம்பு அடைத்த மஞ்சள் திட்டு, திருப்பினால் அடியில் வெண்சாம்பல் பூஞ்சை. புது இலை சுருண்டு நிமிர்ந்து நிற்கும். மொட்டு கருகும். தெருவோர விற்பனையில் மலிவாக வாங்கிய ஒரு செடி இப்படித்தான் என் தோட்டத்துக்குள் வந்தது.

மருந்து தேடி அலைய வேண்டாம். அன்றே செடியை வேரோடு எடுத்து, அந்த இடத்திலேயே பையில் போட்டுக் கட்டி, குப்பைக்கு அனுப்புங்கள். வீட்டுக் கம்போஸ்ட் குவியலில் போடக் கூடாது. "விதையை மட்டும் எடுத்துக்கொள்வோமே" என்ற ஆசையும் வேண்டாம். கத்தரியைக் கழுவுங்கள். நோயின் வித்து மண்ணில் தங்கும் என்பதால் நான் அந்த இடத்தில் இரண்டு வருடம் கொலம்பைனே வைக்கவில்லை, வெந்தயமும் வெங்காயமும் போட்டேன். புதிதாக வாங்கும் எந்தக் கொலம்பைனையும் மற்றவற்றிலிருந்து தள்ளி ஒரு மாதம் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு நடுவது இப்போது என் வழக்கம்.

11. பூ முடிந்த பிறகு: விதையும் கலப்பும்

செடி மூன்று நான்கு வருடம் நன்றாக இருக்கும், பிறகு சோர்ந்துவிடும். ஆகவே அடுத்த தலைமுறையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் என் மூன்றாம் வருட ரோஸ் பூ வந்தது.

கொலம்பைன்கள் தங்களுக்குள் தாராளமாகக் கலக்கும். பக்கத்து வீட்டில் ரோஸ் நிறம் இருந்தால், தேனீ வேலியைத் தாண்டி வந்து போனால், உங்கள் கறுப்பின் விதையில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் மங்கலான ஊதா. தரையில் தானாக முளைக்கும் குட்டிகளுக்கும் இதே நிலைமை. அதனால் ஒரே ஒரு கறுப்பு ரகத்தை மட்டும் வைத்திருங்கள். விதை வேண்டுமென்றால் இரண்டு மூன்று மொட்டு விரியும் முன்பே மெல்லிய ஆர்கன்சாப் பையைக் கட்டிவிடுங்கள், கல்யாணத் தாம்பூலத்துக்குக் கொடுப்பார்களே, அதே பை. உள்ளே பூத்ததும் சிறு தூரிகையால் அதே செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். குட்டிச் செடிகளில் வேறு நிறம் பூத்தால் முதல் பூவைப் பார்த்த அன்றே பிடுங்குங்கள். மனசு வராது, தெரியும். ஒரு ரோஸ் செடியை நான் பாவம் பார்த்து விட்டதன் விளைவை இன்னும் களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விதை வேண்டாத தண்டுகளைப் பூ வாடியதும் அடியோடு வெட்டுங்கள். இலை பழசாகி அழுக்காக இருந்தால் அதையும் தரை மட்டத்துக்கு வெட்டித் தண்ணீர் விடுங்கள், மூன்று வாரத்தில் புது இலை வரும்.

காய் ஐந்து குழல் சேர்ந்தது போல மேல்நோக்கி நிற்கும். பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை உதவாது. ஜூன் கடைசியிலிருந்து தினமும் பாருங்கள். காய் பழுப்பாகி, வாய் பிளந்து, தண்டைத் தட்டினால் கிலுகிலுப்பை போலச் சத்தம் வர வேண்டும். அன்று மழைக்கு முன் தண்டை வெட்டி, காகித உறைக்குள் தலைகீழாகத் தட்டுங்கள். பாதியை அன்றே விதைத்துவிடலாம், புது விதைக்கு ஃபிரிட்ஜ் வேலை கிடையாது. மீதியைக் காகித உறையிலேயே வையுங்கள்.

உறையின் மேல் வருடம், ரகம், பை கட்டியதா கட்டாததா என்று எழுதுங்கள். யாருக்காவது கொடுப்பதானால் கட்டாத விதை மேல் "நிறம் மாறலாம்" என்று சேர்த்து எழுதிக் கொடுங்கள். எனக்கு விதை கொடுத்தவர் அதை எழுதவில்லை. அந்தக் "சாப்பிடக் கூடாது" வரியையும் மறக்காதீர்கள், வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பார்.